ஸ்காட்லாந்து கேலிக் மொழி: என்கிட்ட திரும்பத் திரும்ப கேக்குற கேள்விங்க

நாங்க கிளாஸ்கோ வந்து ஒன்பது வருஷம் ஆகுது. பையன் படிக்கிறது கேலிக் வழி ஸ்கூல்ல. அவன் வீட்டுக்கு வந்து பேசறது புரியணுமேன்னு நானும் சாயங்கால வகுப்புல சேர்ந்து கத்துக்க ஆரம்பிச்சேன், அப்படியே அந்த மொழி மேல பெரிய பாசம் வந்துடுச்சு. அன்னிலேர்ந்து ஊர்லேர்ந்து போன் பண்ற சித்தி, இங்க பொங்கலுக்குக் கூடுற ஃப்ரெண்ட்ஸ், ஆபீஸ்ல கூட வேலை பாக்குற தம்பிங்கன்னு எல்லாரும் கேக்குறது கிட்டத்தட்ட ஒரே சந்தேகங்கதான். ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்குப் பதிலா இங்க எழுதி வைக்கிறேன். கேள்விங்கள அவங்க கேட்ட வார்த்தைலயே போட்டிருக்கேன்.

கேலிக்னா என்ன? ஸ்காட்லாந்துக்காரங்க இங்கிலீஷ இழுத்து இழுத்து பேசுவாங்களே, அதுதானே?

இல்லவே இல்ல. அது தனி மொழி, இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவங்களுக்கு ஒரு வரி கூட புரியாது. நீங்க டாக்சியில, கடையில கேக்குறது ஸ்காட்டிஷ் உச்சரிப்புல இங்கிலீஷ், இல்லன்னா ஸ்காட்ஸ். ஸ்காட்ஸ்ங்கறது இங்கிலீஷுக்கு உடன்பிறப்பு மாதிரி, ஜெர்மானிக் குடும்பம். கேலிக் கெல்டிக் குடும்பம். ஆக ஸ்காட்லாந்துல மூணு மொழி ஓடுதுன்னு வச்சுக்கோங்க, இதுல நான் பேசப்போறது கேலிக்கப் பத்தி மட்டும்.

கேலிக்கா காலிக்கா? அயர்லாந்துலயும் இதேதான பேசுறாங்க?

ஸ்காட்லாந்துல அத பேசறவங்க காலிக்னுதான் சொல்லுவாங்க, கணேஷ்ல வர்ற க மாதிரி அழுத்தி. அயர்லாந்து மொழிய ஐரிஷ்னு சொல்றதுதான் அங்க வழக்கம். நானும் இனிமே காலிக்னே எழுதறேன்.

ரெண்டும் ஒரு தாய் வயித்துப் பிள்ளைங்க, மூணாவதா மேன் தீவுல மாங்க்ஸ்னு ஒண்ணு. அயர்லாந்துலேர்ந்து மேற்கு ஸ்காட்லாந்துக்குக் கடல் தாண்டி 1500 வருஷம் முன்னாடி பரவின பேச்சு, பல நூறு வருஷம் ரெண்டு பக்கத்துப் புலவர்களும் ஒரே எழுத்து வழக்குலதான் எழுதினாங்க, அப்புறம்தான் பிரிஞ்சுது. இப்ப ஒரு ஐரிஷ்காரரும் ஒரு காலிக்காரரும் உக்காந்து மெதுவா பேசினா பாதிக்கு மேல பிடிச்சுக்கலாம், ஆனா தடுக்கித் தடுக்கித்தான் போகும். வெல்ஷ், பிரெட்டன், கார்னிஷ் எல்லாம் ஒண்ணுவிட்ட சொந்தம், அதுங்க பேசினா இவங்களுக்குப் புரியாது.

செத்துப்போன மொழின்னு சொல்றாங்களே, இப்ப எத்தன பேர் பேசுறாங்க?

2022 கணக்கெடுப்புல காலிக் பேசத் தெரியும்னு சொன்னவங்க கிட்டத்தட்ட 70 ஆயிரம் பேர். புரியும், வாசிப்பேன்னு சொன்னவங்களையும் சேத்தா 1 லட்சத்து 30 ஆயிரம். 2011-ல பேசறவங்க 57 ஆயிரம் சொச்சம்தான் இருந்தாங்க, அதனால எண்ணிக்கை ஏறியிருக்கு. செத்துப்போச்சுன்னு சொல்றவங்ககிட்ட இத மொதல்ல சொல்லுவேன்.

ஆனா முழு உண்மையும் சொல்லணும். ஏறினது கிளாஸ்கோ, எடின்பரோ மாதிரி நகரங்கள்ல, ஸ்கூல்ல கத்துக்கிட்ட பசங்களாலயும் என்னை மாதிரி பெரியவங்களாலயும். மொழி தெருவுல புழங்குற கடைசி இடம் மேற்குல அட்லாண்டிக் ஓரமா இருக்குற அவுட்டர் ஹெப்ரடீஸ் தீவுங்க, அங்க 2011-ல நூத்துக்கு 52 பேர் பேசினாங்க, 2022-ல 45. பாதிக்குக் கீழ போனது அதுதான் மொத தடவை. 2020-ல ஹைலண்ட்ஸ் அண்ட் ஐலண்ட்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் தீவுங்கள்ல ஆய்வு பண்ணி, ஊர்ப் பேச்சா காலிக் பேசறவங்க 11 ஆயிரம் பேர் போலத்தான் மிச்சம், இப்படியே போனா பத்து வருஷத்துல அந்த ஊர்ப் புழக்கமே நின்னுடும்னு எழுதினாங்க. ஒரு பக்கம் துளிர் விடுது, இன்னொரு பக்கம் வேர் காயுது.

எழுதியிருக்கறது ஒண்ணு, வாசிக்கறது ஒண்ணு. எதுக்கு அத்தன எழுத்த வீணாக்கறாங்க?

அவங்ககிட்ட மொத்தமே 18 எழுத்துதான். ஜே, கே, க்யூ, வி, டபிள்யூ, எக்ஸ், ஒய், இசட் கிடையாது. அந்த 18-ஐ வச்சே எல்லா ஓசையும் காட்டணும். அதுக்கு எச்சை பக்கத்துல போடுவாங்க: எம் பக்கத்துல எச் வந்தா வ, பி (b) பக்கத்துல வந்தாலும் வ, டி (t) பக்கத்துல, எஸ் பக்கத்துல வந்தா ஹ, எஃப் பக்கத்துல வந்தா பெரும்பாலும் சத்தமே இல்ல. பழகிட்டா இங்கிலீஷ் ஸ்பெல்லிங்க விட ஒழுங்கானது. நாமளும் கடல்ல ஒரு க, பங்குல ஒரு க, அகத்துல ஒரு க வாசிக்கறோம், யாரும் நமக்கு விதி சொல்லிக் குடுத்து வாசிக்கல.

இந்த எச் சும்மா அலங்காரம் இல்ல, இலக்கணமே அதுலதான் இருக்கு. ஷேமஸ்னு ஒருத்தர் இருக்காருன்னா அவரக் கூப்பிடும்போது ஷேமஸ்னு கூப்பிட மாட்டாங்க, அ ஹேமிஷ்னு கூப்பிடுவாங்க. ராமன் கூப்பிடும்போது ராமான்னு ஆகுதுல்ல, அதே விளி வேற்றுமை, ஆனா அங்க சொல்லோட தலையும் மாறும். அப்படிக் கூப்பிட்டதக் காதுல வாங்கினவங்க ஹேமிஷ்னே ஒரு தனிப் பேர் ஆக்கிட்டாங்க. மேரிக்கு காலிக்ல மாரி, என் கிளாஸ்ல ஒரு மாரி அம்மா இருக்காங்க, நான் நம்ம ஊர் மாரின்னு நெனச்சு மொத நாள் ரொம்ப சந்தோஷப்பட்டேன். அவங்களக் கூப்பிடறது அ வாரி.

தமிழ் தெரிஞ்சவங்களுக்கு ஈஸியா இருக்குமா? ரெண்டுக்கும் சொந்தம்னு ஒரு வீடியோல பாத்தேன்

சொந்தம் கிடையாது. காலிக் இந்தோ ஐரோப்பியக் குடும்பம், தமிழ் திராவிடம். குடும்ப வழியில பாத்தா அதுக்கு சமஸ்கிருதமும் இந்தியும்தான் தூரத்துச் சொந்தம். ராஜாவுக்கு அங்க ரீ, மூணுக்கு ட்ரீ, மாட்டுக்கு போ, பத்துக்கு ஜெய்க், குதிரைக்கு எஹ். அந்த வீடியோ போட்டவங்க ரெண்டு சொல் ஒண்ணா ஒலிச்சதும் வம்சாவளி எழுதிட்டாங்க, அத நம்பாதீங்க.

ஆனா தற்செயலா சில வழக்கு நமக்கு ரொம்ப வாகா அமையும். இங்கிலீஷ்ல நான் ஒரு புக்க வச்சிருக்கேங்கற மாதிரி ஒரு வினைச்சொல் உண்டு, காலிக்ல அப்படி ஒண்ணு இல்ல. ஹா லியோஅர் ஆக்கம், அதாவது எங்கிட்ட புக் இருக்கு. அச்சு அசல் நம்ம பேச்சு. பசி எனக்கு வருது, அவங்களுக்கு பசி மேல இருக்கு, தாகம் மேல இருக்கு, ஜலதோஷமும் மேல இருக்கு. என் கிளாஸ்ல இங்கிலீஷ் மட்டும் தெரிஞ்சவங்க இத ஏத்துக்க ரெண்டு வாரம் திணறினாங்க, எனக்கு ரெண்டு நிமிஷம் போதும்னு இருந்துச்சு. ஆமா, இல்லைக்கு தனிச் சொல்லும் கிடையாது. சோர்வா இருக்கியான்னா இருக்கேன், வந்தியான்னா வந்தேன், வினையத் திருப்பிச் சொல்லித்தான் பதில். நீ, நீங்க வித்தியாசமும் உண்டு: நீக்கு உ, நீங்களுக்கு ஷிவ். பெரியவங்ககிட்ட உன்னு பேசினா முகம் மாறும்.

இன்னொண்ணு எனக்கு ரொம்பப் பிடிச்சது. ர், ல் பக்கத்துல இன்னொரு மெய் ஒட்டி வந்தா நடுவுல ஒரு உயிர நுழைச்சுடுவாங்க. கொர்ம்னு எழுதினா கொரொம்னு வாசிக்கணும், ஸ்காட்லாந்துக்கே அவங்க பேர் அல்பா, ஆனா வாயில அலபா. எங்க பாட்டி தர்மத்த தருமம்னும் ஃபில்ம்ம பிலிம்முன்னும் சொன்ன அதே வாய்ப் பழக்கம். கஷ்டமானது எதுன்னா வாக்கியத்துல வினை மொதல்ல வரும். நமக்கு கடைசில வரணும், அவங்களுக்கு மொதல்ல. தலைகீழா யோசிக்கப் பழக எனக்கு ஒரு வருஷம் ஆச்சு.

விஸ்கி, பேக்பைப் தவிர அவங்க கல்ச்சர்ல என்னதான் இருக்கு?

விஸ்கிங்கற சொல்லே காலிக்தான், உஷ்கெ பெஹ, உயிர்த் தண்ணின்னு அர்த்தம். கிளான்ங்கறதும் அவங்க சொல், பிள்ளைங்கன்னு பொருள். ஸ்லோகன் கூட அங்கேர்ந்து வந்தது, போர்க்களத்துல கூட்டம் போடற கூச்சல்.

எனக்குக் கேட்டா கல்ச்சரோட உயிர் பாட்டுதான். தீவுங்கள்ல தறியில நெய்ஞ்ச கம்பளித் துணிய நனைச்சு அடிச்சு அடிச்சு கெட்டியாக்கணும். பத்து பன்னெண்டு பொம்பளைங்க ஒரு நீளப் பலகைய சுத்தி உக்காந்து துணியத் தூக்கித் தூக்கி அடிச்சு, வலஞ்சுழியா பக்கத்துல இருக்கறவங்களுக்குத் தள்ளிவிட்டுக்கிட்டே இருப்பாங்க. ஒருத்தி ஒரு அடி பாடுவா, மத்தவங்க ஹீ ரீ ஹோ ரோன்னு அர்த்தமில்லாத ஓசையில வாங்கிப் பாடுவாங்க. நெறத்த நிறுத்தறதுக்கும் எண்ணெய் போறதுக்கும் பழைய மூத்திரத்துல ஊறவச்ச துணி அது, அந்த நாத்தத்துலயும் காதல், சாவு, கடல்ல போன புருஷன்னு எல்லாம் பாட்டா வந்துச்சு. ஒரே நாள்ல பாடின பாட்டத் திரும்பப் பாடக்கூடாது. துணி சுருங்குனது போதுமான்னு நடுவிரலால அளந்து பாத்து, போதலைன்னா இன்னும் மூணு பாட்டு வேணும்னு சொல்லுவாங்களாம். நேரத்துக்கே பாட்டுதான் அளவு. லூயிஸ் தீவுல ஒரு ஹால்ல பழக்கம் விட்டுப்போகக் கூடாதுன்னு செஞ்சு காட்டினாங்க, நானும் உக்காந்து அடிச்சேன், மறுநாள் தோள்பட்டைய அசைக்க முடியல, ஆனா அந்தத் தாளம் ஒரு வாரம் கையிலயே இருந்துச்சு.

பேக்பைப்புலயும் நாம கவனிக்க ஒண்ணு இருக்கு. பெரிய இசைன்னு அவங்க சொல்ற கியோல் மோர் உருப்படிங்கள பழைய காலத்துல நோட்டு எழுதிக் கத்துத்தரல, ஹிஹரின் ஹோடின்னு சொற்கட்டா வாயால பாடிக் காட்டித்தான் சிஷ்யனுக்கு ஏத்தினாங்க. அதுக்குப் பேர் கௌன்டரஹ்க். ஸ்கை தீவுல மெக்கிரிம்மன் குடும்பம் தலைமுறை தலைமுறையா மெக்லியோட் தலைவருக்கு ஆஸ்தான வித்வானா இருந்தது இப்படித்தான். புலவர்கள்லயும் அப்படி, டங்கன் பான் மெக்கின்டயர்னு ஒருத்தர், 1724-லேர்ந்து 1812 வரைக்கும் வாழ்ந்தவர், எழுதப் படிக்கத் தெரியாது, மலைக்காட்டுல மான் காவல் வேலை பாத்தவர். அவர் ஒரு மலையப் பத்தி மட்டும் பாடின நீண்ட பாட்டு, பைப் இசையோட அமைப்பை வச்சே கட்டினது, இன்னிக்கும் மனப்பாடமா சொல்றவங்க இருக்காங்க.

கில்ட்டுல ஒவ்வொரு குடும்பத்துக்கும் ஒரு கட்டமாமே, ஆயிரம் வருஷப் பழக்கமா?

கில்ட்னா ஆம்பளைங்க கட்டற பாவாடை மாதிரி உடுப்பு. அதுக்கான கட்டம் போட்ட கம்பளி பழசுதான். இந்தக் குடும்பத்துக்கு இந்தக் கட்டம்னு பட்டியல் போட்டது பெரும்பாலும் 19-ம் நூற்றாண்டு வேலை, நாலாம் ஜார்ஜ் மன்னர் 1822-ல எடின்பரோ வந்தப்ப எல்லாரும் கட்டத் துணியில வந்து நில்லுங்கன்னு ஏற்பாடு ஆச்சே, அப்போலேர்ந்து வேகமாச்சு. அழகா இருக்கும், கல்யாணத்துல நானே ரசிப்பேன். ஆனா மொழிய விட்டுட்டு துணிய மட்டும் பிடிச்சுக்கறதுல எனக்கு வருத்தம் உண்டு.

இவ்ளோ இருந்தும் ஏன் சுருங்குச்சு? இங்கிலீஷ்காரன் தடை போட்டானா?

இங்கிலீஷ்காரன் மட்டும்னு சொல்லிட்டா கணக்கு தப்பாயிடும், ஸ்காட்லாந்து ஆட்சியே ஆரம்பிச்சது இது. 1609-ல அயோனா சட்டங்கள்னு ஒண்ணு, 60 மாட்டுக்கு மேல வச்சிருக்குற ஹைலண்ட் (வடமேற்கு மலைப்பகுதி) குடும்பம் மூத்த பிள்ளைய தாழ்நிலத்துக்கு அனுப்பி இங்கிலீஷ் படிக்க வைக்கணும்னு. 1616-ல இன்னும் வெளிப்படையா, இந்த மொழிதான் நாகரிகமின்மைக்குக் காரணம், ஒழிக்கணும்னு எழுதினாங்க. 1746-ல கலோடன் போர்ல ஹைலண்ட் கிளர்ச்சிப் படை அரசுப் படைகிட்ட தோத்ததுக்கு அப்புறம் வந்த சட்டம் ஆயுதத்தையும் கில்ட்டையும் தடை பண்ணுச்சு, 1782-ல நீக்கினாங்க. அதுல மொழிக்குத் தடைன்னு நிறைய பேர் நம்பறாங்க, அப்படி ஒரு வரி அதுல இல்ல.

மொழிய நிஜமா உடைச்சது நிலம். ஜமீன்தாருங்களுக்கு ஆளுங்கள விட ஆடு லாபமாச்சு. குடியானவங்கள பள்ளத்தாக்கு பள்ளத்தாக்கா காலி பண்ணாங்க. சதர்லாந்துல ஸ்ட்ராத்நேவர்ல 1814-ல கூரைக் கட்டைங்கள கொளுத்தி வெளியேத்தினாங்க, மரம் கெடைக்காத ஊர்ல கூரைக் கட்டை எரிஞ்சா திரும்ப வீடு கட்ட வழி இல்ல. பொறுப்பா இருந்த பாட்ரிக் செல்லர் மேல 1816-ல வழக்கு நடந்து விடுதலை ஆயிட்டார். ஜனங்க கடற்கரைக்கும் கிளாஸ்கோ ஆலைக்கும் கனடா கப்பலுக்கும் சிதறினாங்க, நோவா ஸ்கோஷியாவுல கேப் பிரெட்டன் தீவுல இன்னிக்கும் கொஞ்சம் காலிக் மிச்சம் இருக்கறது அதனாலதான். ஊர் ஏக்கத்துக்கு அவங்ககிட்ட கியனலஸ்னு ஒரு சொல் உண்டு, விட்டுட்டு வந்த மண்ண நெனச்சு உள்ளுக்குள்ள கனக்கறது. அந்த சொல்ல கத்துக்கிட்ட அன்னிக்கு எங்க கிளாஸ்ல ரொம்ப நேரம் யாரும் பேசல.

அப்புறம் 1872 கல்விச் சட்டம், எல்லாப் பிள்ளைக்கும் கட்டாயப் படிப்பு, அதுல காலிக்ங்கற பேச்சே இல்ல. காலிக் பேசினா அடி, கழுத்துல கட்டை மாட்டி விடறதுன்னு நடந்த பள்ளிங்க உண்டு. அடி வாங்கினவங்க தன் பிள்ளைக்கு அது வேண்டாம்னு வீட்டுலயே நிறுத்தினாங்க. போரும் தீவுங்கள விட்டு வைக்கல. 1919 ஜனவரி 1-ம் தேதி, போர் முடிஞ்சு வீடு திரும்பின லூயிஸ், ஹாரிஸ் ஆளுங்கள ஏத்தி வந்த அயோலேர் கப்பல் ஸ்டோர்னோவே துறைமுகத்துக்கு ரொம்பக் கிட்ட பாறையில மோதி 201 பேர் போயிட்டாங்க. பல வருஷம் அந்த ஊருங்கள்ல அதப் பத்தி வாயே தெறக்க மாட்டாங்களாம்.

அக்கா, நம்ம ஊருக்கும் இவங்களுக்கும் ஏதாவது கனெக்‌ஷன் இருக்கா?

இருக்கு தம்பி. வடக்கு ஹைலண்ட்ஸ்ல ஆல்னெஸ் பக்கத்துல ஃபைரிஷ்னு ஒரு மலை, உச்சியில ஒரு கல் வளைவு நிக்குது, அது நாகப்பட்டினம் கோட்டை வாசல மனசுல வச்சுக் கட்டினது! 1781-ல டச்சுக்காரங்ககிட்டேர்ந்து நாகப்பட்டினத்தப் பிடிச்ச ஹெக்டர் மன்ரோ ஊர் திரும்பி, பஞ்சத்துல இருந்த ஜனங்களுக்கு கூலி குடுக்கணும்னு கட்ட வச்சது. அதே 1781-ல பரங்கிப்பேட்டையில ஹைதர் அலிய எதிர்த்து நின்ன படையில மெக்லியோட் ஹைலண்டர்ஸ் பட்டாளமும் இருந்துச்சு. மேல சொன்ன மாதிரி சொந்த ஊர்ல நிலம் போய்க்கிட்டிருந்த மக்கள், அடுத்தவன் நிலத்தப் பிடிக்க நம்ம கரையில எறங்கினாங்க. அத நெனச்சா எனக்கு மனசு ஒரு பக்கம் நிக்காது.

இன்னொருத்தர் காலின் மெக்கன்சி, லூயிஸ் தீவு ஸ்டோர்னோவேல பொறந்தவர், இந்தியாவோட மொத சர்வேயர் ஜெனரல். தென்னிந்தியா முழுக்க ஆள் வச்சு ஓலைச்சுவடி, கல்வெட்டுப் படி, ஊர்க் கதைன்னு சேத்தார். அதுல பெரும் பங்கு சென்னை கீழ்த்திசை நூலகத்துல இருக்கு.

பையன காலிக் ஸ்கூல்ல போட்டியே, இங்கிலீஷ் கெட்டுப்போகாதா? தமிழ் என்னத்துக்கு ஆகும்?

சித்தி மாசத்துக்கு ஒரு தடவை கேக்குறது. காலிக் வழிப் படிப்பு 1985-ல கிளாஸ்கோலயும் இன்வர்னெஸ்லயும் சின்ன வகுப்பா ஆரம்பிச்சது, 2006-லேர்ந்து கிளாஸ்கோல முழு ஸ்கூலே இருக்கு. அரசு ஸ்கூல்தான், பீஸ் கிடையாது, வீட்டுல காலிக் தெரியணும்னு அவசியமும் இல்ல, சேர்ற பசங்கள்ல பெரும்பாலானவங்க வீட்டுல தெரியாது. மொத ரெண்டு மூணு வருஷம் எல்லாமே காலிக்ல, அப்புறம் இங்கிலீஷ் எழுத்து வாசிப்ப சேப்பாங்க. என் பையன் இங்கிலீஷ் தெருவுலயும் டிவியிலயும் தானா பிடிச்சுட்டான், அது எங்க போனாலும் தேடி வர்ற மொழி.

தமிழுக்கு வீட்டுல ஒரே விதி, எங்ககிட்ட தமிழ்தான். கெட்டுப்போகும்னு பயந்தது நடக்கல, பதிலுக்கு ஒரு மொழிய வீட்டுல மட்டும் வச்சுக் காப்பாத்தறவங்க நாங்க மட்டும் இல்லன்னு அவனுக்குத் தெரிஞ்சுது. போன மாசம் சோறு வேணுமான்னு கேட்டேன், ஹான் யெல், அதாவது வேண்டாம்னுட்டு ஓடிட்டான்.

ஸ்டேஷன் போர்டு பூரா காலிக்ல, பேசற ஆளக் காணோம். வெட்டிச் செலவுதானே?

போர்டால மொழி பொழைக்கும்னு நானும் நம்பல. ஆனா ஸ்காட்லாந்து மேப்ப எடுத்துப் பாருங்க, இன்வர்னு ஆரம்பிச்சா ஆத்து முகத்துவாரம், டன்னா கோட்டை, பென்னா மலை, கில்னா கோயில், பால்னா ஊர். இங்கிலீஷ் ஸ்பெல்லிங்குல மாட்டிக்கிட்ட காலிக் அது. அத சரியா எழுதிக் காட்டறது செலவு இல்ல, பாக்கி தீக்கறது. 2005-ல ஒரு மொழிச் சட்டம் வந்துச்சு, 2025-ல வந்த சட்டம் காலிக்கையும் ஸ்காட்ஸையும் அதிகாரபூர்வ மொழின்னே ஆக்கிடுச்சு.

என் கோபம் வேற இடத்துல. மூணாவது கேள்வில சொன்ன அந்தத் தீவுங்கள்ல சின்னஞ்சிறுசுங்களுக்கு வீடு கெடைக்கல. விடுமுறைக்கு வர்றவங்க வாங்கி வாங்கி விலை ஏறிடுச்சு, வேலையும் கம்மி, அவங்க கிளாஸ்கோ வந்துடறாங்க. மொழிக்கு ஒதுக்கற பணத்துல வீடும் வேலையும் மொதல்ல வரணும்னு நான் யார்கிட்டயும் சொல்லுவேன்.

சரி, கத்துக்கணும்னா எங்க ஆரம்பிக்கறது?

டுவோலிங்கோங்கற மொழி கத்துக்குற ஆப்புல 2019-லேர்ந்து இருக்கு, பழகறதுக்கு நல்லது, அதோட நிறுத்தாதீங்க. காதுக்கு ரேடியோ நன் கேயல் போட்டு விடுங்க, சமைக்கும்போது ஓடட்டும், கண்ணுக்கு பிபிசி அலபா சேனல், 2008-லேர்ந்து வருது. முழுசா இறங்கணும்னா ஸ்கை தீவுல சவுல் மோர் ஓஸ்டக் கல்லூரி, 1973-ல பழைய பண்ணைக் கொட்டகையில ஆரம்பிச்சது, பேருக்கே பெரிய கொட்டகைன்னுதான் அர்த்தம். ஒரு வாரக் கோடை வகுப்பு போனேன், சாப்பாட்டு மேஜையிலயும் காலிக்தான், மூணாவது நாள் காலிக்ல கனவு வந்துச்சு.

நீ தமிழ்ப் பொண்ணு, உனக்கு எதுக்கு இது? அவங்களே உன்னப் பாத்தா இங்கிலீஷ்லதான பேசப் போறாங்க

பேசுவாங்க, அதுதான் விஷயமே. லூயிஸ் தீவுல வடகோடி நெஸ் பக்கம் ஒரு வீட்டுல தங்கியிருந்தோம். சாயங்காலம் சமையக்கட்டுல நாலு பெரியவங்க டீ குடிச்சுக்கிட்டு கலகலன்னு பேசிக்கிட்டு இருந்தாங்க, நான் கதவத் தள்ளினதும் பாதி வாக்கியத்துல நிறுத்தி நாலு பேரும் இங்கிலீஷுக்கு மாறிட்டாங்க. எனக்காக, மரியாதைக்காக. ஒருத்தருக்குப் புரியலன்னா அவர் முன்னாடி பேசறது தப்புன்னு வளத்த ஜனங்க. யோசிச்சுப் பாருங்க, ஒவ்வொரு ரூம்லயும் ஒருத்தர் இப்படி நுழைஞ்சா மொழி எங்க போகும்.

அன்னிக்கு எனக்கு வாய் வரல. அடுத்த வருஷம் போனப்ப கதவுலயே நின்னு ப்ரூயின் காலிக் ரியூம்னு சொன்னேன், எங்கிட்ட காலிக்ல பேசுங்கன்னு. வீட்டுக்கார அம்மாவுக்கு 84 வயசு, டீ கோப்பைய கீழ வச்சுட்டு என்னையே பாத்தாங்க. அப்புறம் நாற்காலிய இழுத்துப் போட்டு மெதுவா, ஒவ்வொரு சொல்லா, உங்க அம்மா எங்க இருக்காங்கன்னு கேட்டாங்க. திருச்சின்னு சொன்னேன். அங்க மழை உண்டான்னு கேட்டாங்க. எங்கிட்ட இருந்த சொல்லெல்லாம் போட்டு இல்லை, வெயில்தான்னு சொன்னேன். அதுக்கு மேல மூணு மணி நேரம் ஒருத்தரும் இங்கிலீஷுக்கு மாறல, எனக்கு பாதி புரியல, அவங்க நிறுத்தவும் இல்ல.